பரண் காலி: பழைய டிவி, உப்பிய போன், இன்வெர்ட்டர் பேட்டரி... எதை யாரிடம் போடுவது?

8 ஜூன் 2024 | அம்பத்தூர்வாசி

வீடு மாத்துறோம். பரணிலிருந்து இறங்கினவை: அரசு கொடுத்த 14 இன்ச் கலர் டிவி, பழைய லேப்டாப் ஒண்ணு, செல்போன் ரெண்டு (அதுல ஒண்ணு முதுகு உப்பிப் போச்சு), ஓடாத மைக்ரோவேவ், கொசு பேட் மூணு, ஒரு பை நிறைய சிஎஃப்எல் பல்பு, 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரி, அரசு மிக்ஸி, கிரைண்டர்.

தெருமுனை காயலான் கடைக்காரர் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே விலை சொல்றார். டிவியை மட்டும் "டியூபை உடைச்சுட்டு கொண்டாங்க"ங்கிறார். அவர் இரும்பு, செம்பு, சர்க்யூட் போர்டுன்னு பிரிச்சு விக்கத்தானே போறார்? அதுவே மறுசுழற்சிதானே? இதுக்கு மேல 'அங்கீகாரம் பெற்ற இடம்'னு தேடி அலையணுமா?

8 ஜூன் 2024 | சால்டர்மணி

டியூபை உடைக்காதீங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

அவருக்கு வேண்டியது டியூபோட கழுத்துல மாட்டியிருக்கிற யோக்குங்கிற செம்புச் சுருள், டியூபைச் சுத்தி ஓடுற டீகாசிங் காயில், ஃப்ளைபேக்குங்கிற உயர் அழுத்த டிரான்ஸ்ஃபார்மர், போர்டு. கண்ணாடி அவருக்கு வெறும் சுமை. அந்தச் சுமையை உங்க வாசல்லயே இறக்கி வைக்கச் சொல்றார், அவ்வளவுதான்.

கலர் டியூபோட முன்பக்கக் கண்ணாடியில பேரியம், ஸ்ட்ரான்ஷியம்தான் அதிகம். பின்னாடி புனல் மாதிரி போற பகுதியில நாலுல ஒரு பங்கு அளவுக்கு ஈய ஆக்சைடு. கழுத்துல அதைவிடக் கூட. முன்பக்கத்தையும் புனலையும் ஒட்ட வச்சிருக்கிற விளிம்புக் கண்ணாடியில பெரும்பங்கே ஈய ஆக்சைடுதான். முழுசா இருக்கிற வரைக்கும் அந்த ஈயம் கண்ணாடிக்குள்ள கட்டுண்டு கிடக்கும். நொறுக்கி ஏரிக்கரையில கொட்டினா, குப்பை அழுகுறப்போ வர்ற அமிலத் தண்ணி அதைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு எடுக்கும்.

இன்னொண்ணு, உள்ள வெற்றிடம். கழுத்துல ஒரு தட்டு தட்டினா காத்து உள்ள பாய்ஞ்சு, திரையோட உள்பக்கம் பூசின பாஸ்பர்ங்கிற ஒளிரும் பொடி வெளிய பறக்கும். திரைப்பக்கம் அடிச்சா கண்ணாடியே உள்வாங்கி வெடிக்கும்.

8 ஜூன் 2024 | சால்டர்மணி

தூக்குற விதமும் சொல்லிடறேன். எடை முழுக்க முன்பக்கம்தான். அதனால திரை உங்க நெஞ்சைப் பார்க்கிற மாதிரி அணைச்சுத் தூக்கணும். பின்பக்க மூடியில கை வச்சா முன்னாடி கவிழும். ஆட்டோவுல வைக்கிறப்ப பழைய மெத்தை, போர்வை விரிச்சு அதுமேல திரையைக் கீழ் நோக்கிக் கவுத்து வைங்க. மூடியைக் கழட்டாதீங்க. ஓடுறப்ப டியூபுக்கு இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல போகும். அணைச்ச பிறகும் டியூபே ஒரு கெப்பாசிட்டர் மாதிரி சார்ஜைப் பிடிச்சு வச்சிருக்கும். வருஷக்கணக்கா பரணில கிடந்ததுல ஒண்ணும் மிச்சம் இருக்காது. நேத்து ராத்திரி வரைக்கும் ஓடின டிவியில இருக்கும்.

9 ஜூன் 2024 | அம்பத்தூர்வாசி

சரி, உடைக்கல. ஆனா முழு டிவியை யார் எடுப்பாங்க? தேடிப் பார்த்தா 'டிஸ்மாண்ட்லர்', 'கலெக்‌ஷன் சென்டர்', 'ரீசைக்ளர்'னு மூணு பட்டியல் வருது. எதை நம்புறது?

9 ஜூன் 2024 | விதிவிளக்கம்

முதல் இரண்டும் பழைய 2016 விதிகளின் சொற்கள். இப்போது நடப்பில் இருப்பது மின்கழிவு (மேலாண்மை) விதிகள் 2022. அந்த ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. இதன்படி பதிவு பெறுவோர் நான்கே வகை: உற்பத்தியாளர், விற்பனைக்குக் கொண்டுவரும் பிராண்ட் நிறுவனம், பழுதுநீக்கி மறுவிற்பனை செய்பவர், மறுசுழற்சியாளர். பிரித்தெடுப்பவர் ('டிஸ்மாண்ட்லர்') என்ற தனி வகையே இல்லை. எனவே பழைய 'டிஸ்மாண்ட்லர்' பட்டியலைக் காட்டி யாராவது "எங்களிடம் அங்கீகாரம் இருக்கிறது" என்றால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் மறுசுழற்சியாளராகப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மாநிலப் பட்டியல் வைத்திருக்கிறது. சென்னையைச் சுற்றி ஸ்ரீபெரும்புதூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் இத்தகைய ஆலைகள் உண்டு.

நடைமுறைச் சிக்கல் ஒன்று. ஒரே ஒரு டிவிக்காக அவர்கள் வண்டி அனுப்புவது அரிது. அடுக்குமாடியில் பத்து வீடு சேர்த்து ஒரு நாள் குறித்துக் கூப்பிட்டால் வருவார்கள். தனி வீடு என்றால், பிராண்ட் நிறுவனத்தின் இலவசத் தொலைபேசி எண்ணில் 'பழைய பொருளைத் திரும்ப எடுப்பது' பற்றிக் கேளுங்கள். புதிதாக வாங்கும் கடையில் எக்ஸ்சேஞ்சில் தள்ளுவது அடுத்த வழி. எதுவானாலும் எடை போட்ட சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டில் பொருளின் பெயர், எடை, நிறுவனத்தின் பதிவு எண் மூன்றும் இருக்க வேண்டும்.

9 ஜூன் 2024 | செல்பேக்

எல்லாரும் டிவியைப் பிடிச்சுக்கிட்டீங்க. அந்தப் பட்டியல்லயே இன்னிக்கு ராத்திரி தீப்பிடிக்கக்கூடியது உப்பின போன் ஒண்ணுதான்.

சார்ஜ் போடாதீங்க. "கடைசியா ஒரு தடவை போட்டோவெல்லாம் எடுத்துக்கறேன்"னும் போடாதீங்க. அமுக்கி மூடப் பார்க்காதீங்க. உள்ள இருக்கிறது வெறும் காத்து இல்ல, எலக்ட்ரோலைட்ங்கிற உள்திரவம் சிதைஞ்சு உண்டான, எரியக்கூடிய வாயு. உள்ள பாசிட்டிவ் தகட்டுக்கும் நெகட்டிவ் தகட்டுக்கும் நடுவுல இருக்கிறது பத்து, இருபது மைக்ரான் தடிமன்ல ஒரு பிளாஸ்டிக் தாள். வளைச்சா, குத்தினா அது கிழிஞ்சு உள்ளயே ஷார்ட் ஆகும். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருக்கிற போன்ல நெம்பி எடுக்கிறப்ப நடக்கிறதும் இதுதான். அதனால எடுக்காதீங்க, போனோட கொடுங்க. பழைய மாடல்ல பின்மூடி கழண்டு பேட்டரி தானா வந்தா மட்டும் எடுத்து, முனைகள் மேல இன்சுலேஷன் டேப் ஒட்டுங்க.

வைக்கிற இடம்: பிஸ்கட் வர்ற தகர டப்பா, அடியில ரெண்டு அங்குலம் காய்ஞ்ச மணல், நடுவுல போன், மேல மறுபடி மணல். மூடியை இறுக்காம சும்மா வைங்க, இறுக்கினா வாயு அடைபட்டு டப்பாவே வெடிக்கும். நிழலான பால்கனி நல்லது. காஸ் சிலிண்டர், துணிமணி, செருப்பு ஸ்டாண்டு பக்கம் வேண்டாம். ஃப்ரிட்ஜுக்குள்ளயும் வேண்டாம், கேட்கிறவங்க இருக்காங்க.

10 ஜூன் 2024 | மாடித்தோட்டம்

உப்புத் தண்ணியில ரெண்டு நாள் ஊறப்போட்டா லித்தியம் பேட்டரி செத்துடும், அப்புறம் குப்பையில போடலாம்னு வீடியோ பார்த்தேனே?

10 ஜூன் 2024 | செல்பேக்

அது பொம்மை விமானம் ஓட்டுறவங்க பழக்கம், அவங்களே இப்ப விட்டுட்டாங்க. உப்புத் தண்ணி முதல்ல அரிக்கிறது முனையைத்தான். முனை அரிச்சுப் போனதும் மின்சாரம் வெளிய வர வழி அடைபடும், செல்லுக்குள்ள சார்ஜ் அப்படியே நிக்கும். வெளிய பார்த்தா செத்த மாதிரி இருக்கும், உள்ள முழுசா உயிரோட இருக்கும். போதாக்குறைக்கு ஹைட்ரஜனும் குளோரினும் கிளம்பும், உறை கிழிஞ்சிருந்தா ஹைட்ரஜன் ஃபுளோரைடும் சேரும். கடைசியில அந்தத் தண்ணியை எங்க கொட்டுவீங்க?

உப்பாத பேட்டரின்னா வழி சுலபம். டார்ச்சைப் போட்டு விட்டு, போன் தானா அணையற வரைக்கும் வைங்க. அணைஞ்சாலும் செல்லுல மூணு வோல்ட் பக்கம் இருக்கும், பரவாயில்ல. சேமிச்ச ஆற்றல் குறைஞ்சா, ஏதாவது ஆனாலும் சூடு குறைவா இருக்கும். சார்ஜ் முழுசா இருக்கிற 4.2 வோல்ட் செல்லுக்கும் இதுக்கும் மலை மடு வித்தியாசம்.

குப்பையில போடவே கூடாததுக்குக் காரணம், குப்பை அழுத்துற லாரி. ஹைட்ராலிக் தட்டு செல்லை நசுக்கும், பக்கத்துல அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக்கும் இருக்கும். பத்திக்கிறப்ப முதல்ல கையைச் சுட்டுக்கிறது தூய்மைப் பணியாளர்தான்.

10 ஜூன் 2024 | மாடித்தோட்டம்

பத்திக்கிட்டா மணலைக் கொட்டினா போதுமா?

10 ஜூன் 2024 | செல்பேக்

மணல் தீயைச் சுத்தி நிறுத்தும், சூட்டைத் தணிக்காது. ஒரு செல் எரிஞ்சு பக்கத்துச் செல்லைக் கிளப்புறது சூட்டாலதான். சின்ன பேக்குக்கு நிறையத் தண்ணி ஊத்துறது நல்லது. தண்ணி பட்டா வெடிக்கும்னு பயப்படறது லித்தியம் உலோகத்தை நினைச்சு. போன் செல்லுல இருக்கிறது பெரும்பாலும் லித்தியம் சேர்மம். இதையெல்லாம் விட முக்கியம், புகையைச் சுவாசிக்காம வெளிய வர்றது.

12 ஜூன் 2024 | சால்டர்மணி

கொசு பேட்டைப் பத்தி யாரும் பேசல. தமிழ்நாட்டுல பேட் இல்லாத வீடு உண்டா? வருஷத்துக்கு ஒண்ணு சாகும், அடுத்த வாரமே அதே கடையில புதுசு வாங்கிடுவோம்.

பிளக் வச்சு சார்ஜ் போடுற பேட்டோட கைப்பிடியைத் திறந்தா தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெருசா ஒரு கறுப்புக் கட்டி இருக்கும். அது 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. ஆமா, இன்வெர்ட்டர் பேட்டரியோட பேரப்புள்ளை, ஈயமும் கந்தக அமிலமும் உள்ளயே இருக்கு. எமர்ஜென்சி லைட்லயும் இதே 4 வோல்ட்டோ 6 வோல்ட்டோதான். புது மாடல் சிலதுல லித்தியம் செல் வருது.

திறக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். பிளக்கில மாட்டினபடி திறக்கவே கூடாது. சார்ஜ் ஆகிற பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, ஒரு கெப்பாசிட்டரை வச்சு 230 வோல்ட்டை நேரா குறைக்கிறாங்க. பேட்டரி முனையைத் தொட்டாலே மெயின் கரண்டைத் தொட்ட மாதிரி. ரெண்டாவது, வலைக்குப் போற உயர் அழுத்த கெப்பாசிட்டர். சுவிட்சை அணைச்ச பிறகும் அதுல ஆயிரத்துக்கு மேல வோல்ட் நிக்கும். பிளாஸ்டிக் கைப்பிடி ஸ்குரூடிரைவரோட கம்பியால உள் வலையையும் வெளி வலையையும் சேர்த்துத் தொடுங்க, 'டப்'னு ஒரு பொறி வரும். பொறி வர்றது நிக்கிற வரைக்கும் திரும்பத் திரும்பத் தொடுங்க.

ஸ்குரூ பெரும்பாலும் மூணு. ரெண்டு கண்ணுக்குத் தெரியும், மூணாவது ஸ்டிக்கருக்கு அடியில. பேட்டரியோட ரெண்டு ஒயரையும் ஒரே வெட்டுல வெட்டக்கூடாது, கட்டர் வழியா ஷார்ட் ஆகும். ஒண்ணு வெட்டி டேப், அடுத்தது வெட்டி டேப். சேர்ந்த பேட்டரிகளை இன்வெர்ட்டர் பேட்டரி கொடுக்கிற கடையிலயே கொடுத்துடலாம்.

12 ஜூன் 2024 | அம்பத்தூர்வாசி

நல்லவேளை இன்வெர்ட்டர் பேட்டரியைச் சொன்னீங்க. காயலான் கடைக்காரர் "ஆசிட்டைக் கொட்டிட்டு கொண்டாங்க, எடை சரியா போடலாம்"ங்கிறார்.

13 ஜூன் 2024 | செல்பேக்

இவர் உங்களை எல்லா வேலையும் செய்ய வைக்கிறார் போல. டியூபை நீங்க உடைக்கணும், ஆசிட்டை நீங்க கொட்டணும்.

கொட்டக்கூடாது. ஓடி முடிஞ்ச பேட்டரியோட ஆசிட்டுல ஈயச் சேர்மம் மிதக்கும். சாக்கடையில விட்டா சிமென்ட் தொட்டியையும் அரிக்கும், ஈயமும் தண்ணியோட போகும். பேட்டரி விக்கிற டீலர்கிட்ட ஆசிட்டோடயே எக்ஸ்சேஞ்சுக்கு எடுப்பாங்க, அவங்க சொல்ற விலை அதைக் கணக்குல வச்சுத்தான். 2022 ஆகஸ்ட்ல வந்த பேட்டரிக் கழிவு விதிகள்படி பழையதைத் திரும்பச் சேகரிக்கிற பொறுப்பு தயாரிக்கிறவங்களுடையது. விலை பேசறப்ப 'ஆசிட்டோட எடையா, ஆசிட் இல்லாத எடையா'ன்னு தெளிவாக் கேட்டுடுங்க. ஏமாத்து எல்லாம் அந்த ஒரு வரியிலதான்.

கழட்டுற வரிசை: இன்வெர்ட்டரை மெயின்லருந்தும் பிடுங்கி அணைச்சு, முதல்ல நெகட்டிவ் (கறுப்பு) ஒயர், அப்புறம் பாசிட்டிவ். ரெண்டு முனையிலயும் பழைய சைக்கிள் டியூப் துண்டை மாட்டுங்க. தண்ணி ஊத்துற மூடிகள் எல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாருங்க. 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஆசிட்டோட அம்பது கிலோவுக்கு மேல வரும். ரெண்டு பேர் வேணும், கண்டிப்பா நிமிர்த்தியபடியே. சிந்தினா ஆப்ப சோடாவைத் தூவுங்க, நுரை நிக்கிற வரைக்கும். அப்புறம் கையுறை போட்டு வழிச்சு, நிறையத் தண்ணி விட்டுக் கழுவுங்க. பருத்தித் துணியில தெறிச்சா அப்போ தெரியாது, அடுத்த துவையல்ல ஓட்டையா தெரியும்.

13 ஜூன் 2024 | விதிவிளக்கம்

மேலே நான் எழுதியதோடு ஒரு சேர்க்கை. டிவி, லேப்டாப், மிக்ஸி எல்லாம் மின்கழிவு விதிகளில் வரும். பேட்டரி தனி விதி. பேட்டரி, சிஎஃப்எல் பல்பு போன்றவை வீட்டு அபாயக் கழிவாக 2016 திடக்கழிவு விதிகளிலும் இடம் பெற்றன. அந்த விதிகளின்படி உள்ளாட்சி அமைப்பு இருபது சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையமாவது வைக்க வேண்டியிருந்தது. உங்கள் வார்டில் அது எங்கே என்று சுகாதார ஆய்வாளரைக் கேளுங்கள். கேட்கிறவர் இருந்தால்தான் அந்த மையம் திறந்திருக்கும்.

15 ஜூன் 2024 | மாடித்தோட்டம்

சிஎஃப்எல் பை? எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. 'பத்திரமா பரணில வை' என்பதுதான் தமிழ்க் குடும்பங்களின் பொதுக்கொள்கை.

15 ஜூன் 2024 | சால்டர்மணி

ஒரு சிஎஃப்எல்லுல மூணுலருந்து அஞ்சு மில்லிகிராம் பாதரசம் இருக்கும். பழைய தடிமனான டியூப்லைட்டுல அதைவிட அதிகம். உடையாத வரைக்கும் பயமில்ல. பையில குலுக்கி எடுத்துட்டுப் போகாதீங்க. வந்த அட்டைப்பெட்டி இருந்தா அதுல, இல்லேன்னா ஒவ்வொண்ணையும் செய்தித்தாள்ல சுத்தி நிமிர்த்தி அடுக்குங்க.

உடைஞ்சா: ஃபேனை அணைச்சு, ஜன்னலைத் திறந்து, குழந்தைகளோட வெளிய வந்து பத்துப் பதினைந்து நிமிஷம் விடுங்க. விளக்குமாறு வேண்டாம், வேக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம், ரெண்டும் பொடியைக் கிளப்பும். ரெண்டு தடிச்ச அட்டையால வழிச்சு, மிச்சப் பொடியை செலோ டேப்பால ஒத்தி எடுத்து, ஈரத்தாளால துடைச்சு, எல்லாத்தையும் மூடி போட்ட கண்ணாடி ஊறுகாய் பாட்டில்ல போட்டு, மேல 'உடைந்த பல்பு'ன்னு எழுதி வைங்க. எழுதலேன்னா யாராவது ஊறுகாய் போட்டுடுவாங்க.

16 ஜூன் 2024 | அம்பத்தூர்வாசி

என் முதல் கேள்விக்கு இன்னும் நேரா பதில் வரல. காயலான் கடைக்காரர் தப்பு பண்றாரா இல்லையா?

16 ஜூன் 2024 | சால்டர்மணி

அவர் தப்பு ஆள் இல்ல. வீட்டு வாசலுக்கு வந்து காசு கொடுத்து எடுத்துட்டுப் போறது அவர் ஒருத்தர்தான். எதை அவர்கிட்ட போடலாம், எதைக் கூடாதுங்கிறதுதான் கேள்வி.

கிரைண்டர், மிக்ஸி, ஃபேன், அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின் டிரம், ஸ்டெபிலைசர் எல்லாம் தாராளமா போடுங்க. எல்லாம் இரும்பு, செம்பு, அலுமினியம். சுத்தியலும் உளியும் இருந்தா பிரிச்சுடலாம், பெருசா விஷம் கிடையாது. (கிரைண்டர்ல கல்லை எடுத்துடுங்க, கல்லோட எடை போட்டா சண்டைக்கு வருவார். மிக்ஸி மோட்டார்ல செம்புன்னு நினைச்சு விலை பேசாதீங்க. மலிவு மோட்டார்ல செம்பு நிறத்துல பூச்சு போட்ட அலுமினியச் சுத்துதான் நிறைய. ஒரு கம்பியைச் சுரண்டினா வெள்ளி நிறம் தெரியும்.)

பிக்சர் டியூப், லித்தியம், சிஎஃப்எல், காஸ் இருக்கிற ஃப்ரிட்ஜ், லெட் ஆசிட்: இந்த அஞ்சும் வேண்டாம். இதுல அவருக்குக் காசாகிற பங்கை எடுத்துட்டு மிச்சத்தை எங்கயாவது கொட்டாம அவரால தொழில் பண்ண முடியாது. போர்டு நடுவுல இருக்கு.

16 ஜூன் 2024 | விதிவிளக்கம்

போர்டு நடுவில் இல்லை, 'வேண்டாம்' என்ற பக்கம்தான். போர்டு காயலான் கடையோடு நிற்பதில்லை. கிலோ கணக்கில் கைமாறி டெல்லி சீலம்பூர், உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் போன்ற இடங்களுக்குப் போகிறது. அங்கே அடுப்பில் வாட்டி சில்லுகளை உதிர்ப்பது, அமிலத்தில் ஊறவைத்துத் தங்கம் பிரிப்பது, ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பது எல்லாம் திறந்த வெளியில் நடக்கிறது. ஒயர் மேலுறை பிவிசி. அதைக் கொளுத்தினால் டயாக்ஸின் என்ற கடும் நச்சு வரும். மொராதாபாத்தில் சாம்பல் சேர்வது ராமகங்கை ஆற்றங்கரையில்.

17 ஜூன் 2024 | சால்டர்மணி

ஒத்துக்கறேன், போர்டும் அந்தப் பக்கம்தான். பழைய போர்டுல பாகங்களைப் பத்த வைக்கிற சால்டர்ல 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம். மின்னணுப் பொருள்ல ஈயத்தை 0.1 சதவீதத்துக்குள்ள வைக்கணும்ங்கிற கட்டுப்பாடு இங்க 2014 மே மாசத்துலருந்துதான். இலவச டிவி வந்தது 2006லிருந்து 2011க்குள்ள, ஒன்றரைக் கோடிக்கும் மேல. அத்தனையும் ஈயச் சால்டர் காலத்துப் பொருள்.

ஒயரை மட்டும் உங்க கடைக்காரர்கிட்ட கேளுங்க: உரிக்கிறீங்களா, எரிக்கிறீங்களா? உரிக்கிற மெஷின் இருக்கிற கடைன்னா ஒயரும் போடலாம். செம்பு கறுக்காம பளபளன்னு இருந்தாத்தான் அவருக்கும் நல்ல விலை.

20 ஜூன் 2024 | அம்பத்தூர்வாசி

லேப்டாப்புல பேங்க் பேப்பர், குடும்பப் போட்டோ எல்லாம் இருக்கு. டிஸ்கைச் சுத்தியலால அடிச்சுடவா?

20 ஜூன் 2024 | செல்பேக்

லேப்டாப் டிஸ்க் 2.5 இன்ச். அதுக்குள்ள இருக்கிற தட்டு பெரும்பாலும் கண்ணாடி, அடிச்சா சில்லு சில்லா தெறிக்கும். டெஸ்க்டாப்போட 3.5 இன்ச்சுல பொதுவா அலுமினியம். அடிக்கிற ஆசை இருந்தா துணிப்பையில போட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு அடிங்க.

டிஸ்க் இன்னும் ஓடுதுன்னா அடிக்கத் தேவையே இல்ல. சுழல்ற டிஸ்கை ஒரு தடவை முழுக்க பூஜ்யத்தால எழுதினா போதும். ஏழு தடவை, முப்பத்தஞ்சு தடவைங்கிறதெல்லாம் பழைய காலத்து டிஸ்குக்குச் சொன்னது. விண்டோஸ்ல 'குவிக் ஃபார்மேட்' டிக்கை எடுத்துட்டு முழு ஃபார்மேட் போட்டா அதுவே பூஜ்யம் எழுதும். 500 ஜிபி டிஸ்கை லேப்டாப்புல வச்சே செஞ்சா ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடியும். யுஎஸ்பி 2 கேபிள்ல மாட்டினா அஞ்சு மணி நேரம் பக்கம் ஆகும். ராத்திரி போட்டு விடுங்க.

எஸ்எஸ்டி (சுழலாத, சிப்புல சேமிக்கிற டிஸ்க்) வேற. அதுல மேல எழுதினா அதே இடத்துல எழுதும்னு உறுதி இல்ல, தேய்மானத்தைப் பகிர்ந்துக்கிறதுக்காக உள்ள இருக்கிற கண்ட்ரோலர் இடத்தை மாத்திக்கிட்டே இருக்கும். அதுக்கு பயாஸ்லயோ (லேப்டாப்பைப் போட்டதும் உள்ள போற அமைப்பு மெனு) தயாரிப்பாளர் கொடுக்கிற மென்பொருள்லயோ இருக்கிற 'செக்யூர் இரேஸ்' கட்டளைதான் சரி.

போன்ல வரிசை முக்கியம். முதல்ல கூகுள் கணக்கை நீக்கிட்டு அப்புறம் ஃபேக்டரி ரீசெட். நேரா ரெக்கவரி மெனுவுல போய் ரீசெட் பண்ணினா, அடுத்து எடுக்கிறவங்களுக்குப் பழைய கணக்கோட பாஸ்வேர்டு கேட்டுப் பூட்டிக்கும். ஐபோன்லயும் 'ஃபைண்ட் மை'யை அணைச்சுட்டுத்தான். நல்லா ஓடுற போன் இந்த ஒரு காரணத்துக்காகவே உதிரியா உடைபடுது. சிம், மெமரி கார்டு எடுக்க மறக்காதீங்க.

உப்பின போனுக்கு இதெல்லாம் பொருந்தாது. அதை வச்சு யாரும் உங்க கணக்குக்குள்ள வராம இருக்க, வேற போன்லருந்து கணக்குக்குள்ள போய் அந்தக் கருவியைக் கணக்கிலிருந்து வெளியேத்துங்க, பாஸ்வேர்டுகளை மாத்துங்க.

2 ஜூலை 2024 | காஸ்கட்டர்

'காஸ் இருக்கிற ஃப்ரிட்ஜ்'னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டீங்க. கம்ப்ரசர் பக்கத்துல ஸ்டிக்கரைப் பாருங்க. ஆர்-12 இருந்தா ஓசோனைத் தின்கிற பழைய காஸ். கரியமில வாயுவை விடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல பூமியைச் சூடாக்கும். ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, சூட்டுக்கணக்குல சுமார் 1,430 மடங்கு. இப்ப வர்ற ஆர்-600ஏ ஐசோபியூட்டேன், சூடெல்லாம் ஒண்ணும் பெருசா இல்ல. ஆனா அடுப்புல எரியற காஸோட பங்காளி. அம்பது அறுபது கிராம்தான் இருக்கும், மூடின அறையில குழாயை வெட்டிட்டு பக்கத்துல இரும்பு அறுக்கிற மெஷின் பொறி விட்டா போதும், பத்திக்கும்.

காயலான் கடையில முதல் வேலையே குழாயை நறுக்குறது, கம்ப்ரசரை எடுக்கிறது. அதனால ஃப்ரிட்ஜை எக்ஸ்சேஞ்சுல தள்றதே உத்தமம்.

2 ஜூலை 2024 | மாடித்தோட்டம்

ஸ்ப்ளிட் ஏசி?

3 ஜூலை 2024 | காஸ்கட்டர்

ஏசியில ஒரு வசதி, காஸை வெளி யூனிட்டுக்குள்ளயே இழுத்து அடைச்சுடலாம். 'பம்ப் டவுன்'னு கேட்டா எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். கூலிங்ல ஓடவிட்டு, வெளி யூனிட்ல சின்னக் குழாய் வால்வை ஆலன் சாவியால முழுசா மூடணும். பெரிய குழாய்ப் பக்கம் அழுத்தம் காட்டுற கேஜ் மாட்டியிருப்பாங்க, முள் பூஜ்யத்தை நெருங்குறப்ப பெரிய வால்வையும் மூடி உடனே மெஷினை அணைக்கணும். அணைக்கத் தாமதமானா கம்ப்ரசர் காஸ் இல்லாம ஓடிச் சூடேறும், காத்தை இழுத்தா வெடிக்கவும் செய்யும். அதனால நீங்களா செய்யாதீங்க, மெக்கானிக் செய்யறப்ப பக்கத்துல நின்னு பாருங்க. வால்வு நட்டை லூஸ் பண்ணி 'உஸ்ஸ்'னு விடறவர் சோம்பேறி. பழைய ஏசியில ஆர்-22, அது ஓசோனையும் கெடுக்கும், 1,800 மடங்கு சூட்டையும் ஏத்தும்.

11 ஜூலை 2024 | சால்டர்மணி

மைக்ரோவேவ் விட்டுப்போச்சு. சுருக்கமா: திறக்காதீங்க. உள்ள இருக்கிற கெப்பாசிட்டர் 2,100 வோல்ட் மாறுதிசை மின்சாரத்துக்குச் செஞ்சது, ஒரு மைக்ரோஃபாரட் பக்கம். டிவி கெப்பாசிட்டர் உதறும், இது ஆளையே எடுத்துடும். உள்ள சார்ஜை வடிய வைக்கிற ரெசிஸ்டர் இருக்கும், அது பழுதாகியிருந்தா வெளிய தெரியாது. டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து வெல்டிங் மெஷின் செய்யறேன்னு வர்ற பசங்ககிட்டயும் கொடுக்காதீங்க. சில மேக்னெட்ரான்ல (மைக்ரோவேவ் அலையை உண்டாக்கிற பாகம்) வெள்ளைப் பீங்கான் மாதிரி தெரியறது பெரிலியம் ஆக்சைடா இருக்கலாம், அதை உடைச்சுப் பொடியாக்கிச் சுவாசிச்சா நுரையீரல் போகும். முழுசா கொடுங்க.

9 பிப்ரவரி 2025 | அம்பத்தூர்வாசி

டிவியை எடுக்கவே மாட்டேங்கிறாங்க, லேப்டாப்பை மட்டும் ஓடி வந்து எடுக்கிறாங்க. ஏன்?

10 பிப்ரவரி 2025 | விதிவிளக்கம்

கணக்கு அப்படி. மறுசுழற்சியாளருக்கு வருமானம் இரண்டு வழி. ஒன்று, பிரித்த உலோகத்தின் விலை. மற்றது, பிராண்ட் நிறுவனங்கள் தங்கள் மறுசுழற்சி இலக்கை எட்ட அவரிடம் வாங்கும் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் எவ்வளவு மீட்டார் என்பதை வைத்தே கிடைக்கிறது. ஈயக் கண்ணாடிக்கு அதில் இடமில்லை. பழைய டியூபை உருக்கிப் புது டியூப் செய்த காலமும் போய்விட்டது. ஆக டிவி அவருக்குச் செலவு.

2024இல் மத்திய அரசு சான்றிதழுக்குக் குறைந்தபட்ச விலை நிர்ணயித்தது. டிவி, ஃப்ரிட்ஜ் போன்றவற்றுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய். பெரிய நிறுவனங்கள் சில அதை எதிர்த்து நீதிமன்றம் போயின. அந்த விலை நின்றால் டிவிக்கும் கொஞ்சம் மதிப்பு வரும். இப்போதைக்கு ஒரு உத்தி: டிவியைத் தனியாகக் கொடுக்காதீர்கள். லேப்டாப், போன், போர்டு, பழைய செட்டாப் பாக்ஸ் எல்லாம் ஒரே மூட்டை, டிவியையும் சேர்த்தால்தான் மற்றது என்று பேசுங்கள். சீட்டில் டிவியும் தனி வரியாக ஏறட்டும்.

11 பிப்ரவரி 2025 | சால்டர்மணி

வண்டி வர்றதுக்கு முன்னாடி டிவியோட ஒயரையும் யோக்கையும் நைஸா வெட்டி வித்துடாதீங்க. அப்புறம் அவர் எடுக்க மாட்டார், நியாயமும் அவர் பக்கம்.

22 ஆகஸ்ட் 2025 | மாடித்தோட்டம்

எல்ஈடி பல்பையும் சிஎஃப்எல் டப்பாவிலயே போடலாமா? அப்புறம் பொம்மையிலருந்து எடுத்த பட்டன் பேட்டரி நாலு இருக்கு.

22 ஆகஸ்ட் 2025 | செல்பேக்

பட்டன் பேட்டரியை இப்பவே, ஒவ்வொண்ணா, ரெண்டு பக்கமும் மூடுற மாதிரி டேப்புல சுத்துங்க. நாலும் ஒண்ணோட ஒண்ணு உரசினா சூடேறும். குழந்தை விழுங்கினா தொண்டையில ஒட்டி ரெண்டு மணி நேரத்துக்குள்ள உணவுக்குழாயை அரிச்சுடும், செத்த பேட்டரின்னாலும். விழுங்கியிருக்கலாம்னு சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காம, எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

எல்ஈடியைத் தனி டப்பாவுல போடுங்க. அதுல பாதரசம் கிடையாது, சின்ன போர்டும் அலுமினியத் தகடும்தான், போர்டு மூட்டையோட போகலாம். சிஎஃப்எல்லோட கலந்து வச்சு நடுவுல ஒண்ணு உடைஞ்சா, சுத்தமா இருந்த மொத்த டப்பாவையும் பாதரசக் கழிவாத்தான் கொடுக்க வேண்டிவரும்.